ரெத்தினதாஸ் சார் கணக்குப்படி தண்ணீர் தீராது

ரெத்தினதாஸ் சாருக்கு மூன்று வரைக்கும் ஒன்று, நான்கிலிருந்து பத்து. முப்பது வரைக்கும் பத்து. அதைத் தாண்டினால் நூறு. இடையில் கிடக்கிற எண்களெல்லாம் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் தங்கள் வசதிக்கு உண்டாக்கி வைத்தவை என்பது அவருடைய உறுதியான எண்ணம். "பத்து மடங்குக்குள்ள வாற தப்பு தப்பே இல்ல மக்கா" என்று வகுப்பில் சொல்வார், வீட்டில் சொல்வார், ரேஷன் கடை வரிசையிலும் சொல்வார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு மனுஷன் கல்யாணம் கட்டி, வீடு வைத்து, மகன் லிபினைக் குவைத்துக்கு அனுப்பி, தலையும் நரைத்துவிட்டான் என்றால் கடவுளின் பொறுமையை என்னவென்று சொல்வது!

கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு இலை போட வேண்டும் என்று சமையல்காரர் கேட்டதற்கு, மாப்பிள்ளையே வந்து, "பத்து ரெய்ஸ்டு மூணு" என்றார். சமையல்காரர் அதை ஏதோ வேத வசனம் என்று நினைத்து விழித்தார். ஆயிரம் என்று விளக்கம் சொன்ன பிறகு அடுப்பு மூட்டினார். வந்தது மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரெத்தினதாஸுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆயிரமும் மூவாயிரமும் ஒரே அடுக்குதானே. கடைசிப் பந்திக்குப் பப்படமும் பழமும் மட்டுமே மிஞ்சின. பனச்சமூட்டிலிருந்து வந்திருந்த, மணப்பெண் ஜெயபாயின் பெரிய மாமா, இலையில் அநாதையாகக் கிடந்த பப்படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்தான். சாகும்வரை மருமகனை "அந்த ஆயிரம்" என்றே குறிப்பிட்டார்.

தொழில், ட்யூட்டோரியல். தனுவச்சபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நியூட்டன் ட்யூட்டோரியல் என்று பலகை தொங்கும். கீழே பப்ஸ் வேகும் வாசனை, மேலே இயற்பியல். பஸ் இறங்கி வரும் பிள்ளைகள் எந்த வாசனைக்கு வந்தார்கள் என்று யாரும் ஆராய்ந்ததில்லை. சாருக்குக் கணக்கு ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், ஏச்சு தமிழில். விடையில் எண் தப்பினாலும் அடுக்கு சரியாக இருந்தால் முழு மார்க் போட்டுவிடுவார். பரீட்சை நடத்துகிறவர்களுக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது என்பது ரிசல்ட் வரும்போதுதான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பு தண்ணீர்தான். மேசைமேல் ஒரு வாளித் தண்ணீரை வைப்பார். "இதாக்கும் பூமியில உள்ள மொத்த வெள்ளம். ஒண்ணு பாயிண்ட் நாலு இன்டு பத்து ரெய்ஸ்டு இருவத்தொண்ணு லிட்டர். எல்லாம் உப்பு." அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வைப்பார். "இதாக்கும் நல்ல வெள்ளம். பத்து ரெய்ஸ்டு பத்தொம்பதுல மூணரை. இதுல முக்காவாசியும் ஐஸ்கட்டி. கொஞ்சம் பூமிக்கடியில." பிறகு விரலை டம்ளரில் முக்கி, சில சொட்டுகளை மேசையில் உதறுவார். "ஆறு, குளம், ஏரி, நம்மட நெய்யாறு, எல்லாம் சேத்து இவ்வளவுதான். பத்து ரெய்ஸ்டு பதினேழு." பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்திருக்கும்போது, மனித குலத்தின் மொத்த நன்னீரையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்ப்பார். வகுப்பு முடிந்தது.

இந்தக் கணக்கில் அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆறு குளங்களில் உள்ள தண்ணீரை எண்ணூறு கோடி மனுஷருக்கும் பங்கு வைத்தால், ஆளுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் வரும். அந்த நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு ரஷ்யாவில் பைக்கால் என்ற ஒரே ஏரியில் கிடக்கிறது. "எனக்க பங்கு சைபீரியாவில கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே சார் வீட்டுக் கிணற்றில் குளிப்பார்.

வீடு பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் நடுவில் ஒரு சரிவில். அதே சரிவில், கையெட்டும் மதிலுக்கு அப்புறம் சோமன் வீடு. சோமன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கச் சில்லறை எண்ணியவருக்குப் பெரிய எண்கள்மேல் ஒரு பயபக்தி இருந்தது. ரெத்தினதாஸ் சார் வாயைத் திறந்து அடுக்கு சொன்னால், சோமன் தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார்.

சோமனுக்கு ஆழ்துளைக் குழல்கிணறு குத்த ஆசை வந்தது. அவருடைய பழைய கிணறு மாசி பிறந்தாலே சேறு காட்டும். ஆனால் அவர் மனைவி விஜயம்மா தடை போட்டாள். "ஆழமாட்டு உறிஞ்சினா ஜெயபாய் அக்காக்க கெணத்துக்குக் கேடு வராதா? ஒரு வாக்கு கேட்டுட்டுச் செய்யுங்க." நியாயமான பெண். சோமனும் நியாயமான ஆள்தான்; நேரே படித்தவரிடம் கேட்டுவிடலாம் என்று மதிலோரம் வந்து கேட்டார். அங்கேதான் கோளாறு.

வேறு யாராவது இருந்தால், வேண்டாம் என்றோ வேணும் என்றோ சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். சார் கணக்குப் போட்டார். அதுவும் திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்து நிற்கும் நாளில், அக்கம்பக்கம் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடியிருக்கும்போது, சோமன் புதிதாய்க் கட்டிய மோட்டார் புரையின் சிமெண்டுச் சுவரில், சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துப் போட்டார்.

"பூமிக்கடியில உள்ள நல்ல வெள்ளம் பத்து ரெய்ஸ்டு பத்தொம்பது லிட்டர். எலே சோமா, ஒனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்?"

"வீட்டுக்கு மட்டும் போதும் சாறே. ஒரு ஆயிரம் லிட்டர்."

"பத்து ரெய்ஸ்டு மூணு. பத்தொம்பதுல மூணு போனா பதினாறு. அப்பம் பூமியில உள்ள வெள்ளத்த நீ குடிச்சுத் தீக்க பத்து ரெய்ஸ்டு பதினாறு நாள் எடுக்கும். நூறு கோடி கோடி நாள். இந்தப் பிரபஞ்சம் உண்டாயே அஞ்சு லட்சம் கோடி நாள்தான் ஆவுது. நீ தைரியமா குத்து. எனக்க கெணத்துக்கு ஒரு மண்ணும் வராது."

கூட்டம் கை தட்டியது. சார் சாக்கட்டியைத் தட்டிவிட்டு, வண்டிக்காரனைப் பார்த்து ராஜா மாதிரி கையசைத்தார். துளைக்கும் சத்தத்தில் ஜெயபாய் ஏதோ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவள் சொன்னது, "பூமி முழுக்க உள்ள வெள்ளத்த இவருக்க கெணத்துக்கு யாரு கொண்டு வருவா?" என்பது. கேட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை, கை தட்டல் வாங்கிய ஆணுக்குக் காது கேட்காது.

சோமன் அத்தோடு விடவில்லை. சாக்கட்டி எழுத்து மழையில் அழிந்துவிடும் என்று பயந்து, போர்டு எழுதுகிற ஆளைக் கூப்பிட்டு அதே கணக்கை நீல பெயிண்டில் எழுத வைத்தார். 10¹⁹ ÷ 10³ = 10¹⁶ நாள். கீழே "கணக்கு: ரெத்தினதாஸ் சார்" என்று சிவப்பில். செங்கல் கோவிலுக்குப் போய்வந்தால், பிரசாதச் சந்தனத்தில் மிஞ்சியதை அந்தப் பத்தொன்பதின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைப்பார். ஒரு மிஷன் சபைக்காரரின் கணக்குக்குச் சந்தனம் கிடைத்தது அந்தச் சரிவில் அதுதான் முதல் தடவை. சாருக்கு உள்ளூரப் பெருமைதான்.

தீராத தண்ணீரைச் சும்மா கிடத்தினால் பாவமில்லையா? சோமன் கீழ்ப்பக்கம் கிடந்த நிலத்தைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்து ஏத்தவாழை வைத்தார். வீட்டுக்கு மட்டும் என்று தொடங்கியது, வாழைக்கும் மாட்டுக்கும் ஆகி, மோட்டார் காலையில் ஓடத் தொடங்கினால் மதியம் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். ஆயிரம் லிட்டர் பத்தாயிரமானது. வாழை குலை தள்ளியது. முதல் குலை மதிலைத் தாண்டி சார் வீட்டுக்கு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மீன மாதத்தில், பங்குனி வெயிலில், சார் குளிக்க வாளியை இறக்கினார். டங் என்று சத்தம் கேட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக ஒருநாளும் வற்றாத கிணறு.

எவ்வளவு காரணங்கள் சொன்னார் தெரியுமா! மழை குறைந்தது என்றார். துலா மாசத்து ஐப்பசி மழை கடலிலேயே பெய்துவிட்டது என்றார். கிணற்றுச் சுவரில் முளைத்த ஆலங்கன்று குடிக்கிறது என்றார். அது ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஜெயபாய் குடத்தை எடுத்துக்கொண்டு சோமன் வீட்டுக் குழாய்க்குப் போனாள். "எடுத்துக்கோ அக்கா, நூறு கோடி கோடி நாளைக்கு உண்டுன்னு சாறுதானே சொன்னாரு" என்று விஜயம்மா வெள்ளை மனசோடு சொன்னாள். மதில் சுற்றி, ஏற்றம் ஏறி இறங்கி, தினமும்.

ஒரு சாயங்காலம், யாரும் பார்க்காத நேரத்தில், சார் கிணற்றுச் சுவரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாக்கட்டியை எடுத்தார். உலகத்தை விட்டுவிட்டார். இந்தச் சரிவை மட்டும் எடுத்துக்கொண்டார். ரெண்டு ஏக்கர். வருஷத்துக்கு ஒன்றே முக்கால் மீட்டர் மழை. மண்ணுக்குள் இறங்குவது இவ்வளவு, சோமன் எடுப்பது இவ்வளவு என்று கீழே கோடு போட்டார். விடையைப் பார்த்தார். பிறகு அழிக்கத் தண்ணீர் தேடினார். வீட்டில் இருந்தது ஜெயபாய் சுமந்து வந்த குடிதண்ணீர் மட்டும். விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு எண்ணாக, சுத்தமாக அழித்தார். சோமனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் அந்த நீல பெயிண்டுக்கு முன்னால் போய் நின்றல்லவா சொல்ல வேண்டும்! சிவப்பில் பெயர் வேறு.

இப்படியே ஒரு மழைக்காலமும் போனது. இந்த வருஷம் மாசியில், கும்ப மாதம் பிறந்ததும் சோமன் வீட்டுக் குழாய் இருமத் தொடங்கியது. கொஞ்சம் தண்ணீர், நிறையக் காற்று. அப்புறம் காற்று மட்டும். உலகத்தில் வேறெங்கேயாவது இது நடந்தால், ஐயோ தண்ணீர் தீர்ந்துபோச்சே என்று தலையில் கை வைப்பார்கள். சோமன் சுவரைப் பார்த்தார். சுவர் 10¹⁶ என்றது. அப்படியென்றால் கோளாறு மோட்டாரில்.

மோட்டார் மெக்கானிக் சஜியை வரவழைத்தார். சஜி மோட்டாரைத் தூக்கிப் பார்த்து, "அண்ணா, இதுக்கு ஒரு கொழப்பமும் இல்ல, உள்ள வெள்ளம் இல்ல" என்றான். சோமனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எலே, ஒனக்கு வாசிக்கத் தெரியுமா? அந்தச் சுவர்ல எழுதியிருக்கத வாசி" என்றார். சஜி வாசித்தான். பிறகு புது மோட்டார் மாட்டினான். அவனும் பிழைக்க வேண்டுமல்லவா. அது நான்கு நாள் ஓடி இருமியது. அதைவிடப் பெரியது ஒன்று மாட்டினார்கள். விஜயம்மாவின் கையிலிருந்த வளையல்கள் இரண்டு மோட்டார்களாகிக் குழிக்குள் போயின. கடைசியில் சோமன் முடிவுக்கு வந்தார்: வெள்ளம் கீழே இருக்கிறது, நாம்தான் எட்டவில்லை. ஆயிரம் அடிக்குக் குத்த வேண்டியதுதான். போர் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. புதன்கிழமை வரும். வளையல் போக, மாலைதான் பாக்கி.

அன்றைக்கு ஜெயபாய் வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள். சார் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் குடத்தை அவர் மடியில் வைத்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்லா?"

"என்ன தெரியும்?"

"ஒங்க கணக்கு தப்புன்னு. போன வருசம் கெணத்துச் சொவரில எச்சி தொட்டு அழிச்சத நான் அடுக்களை ஜன்னல் வழியாட்டு பாத்தேன்."

சார் பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "அது தப்புன்னு சொல்ல முடியாது. அடுக்கு சரிதான். வரவும் பத்து ரெய்ஸ்டு ஆறு, செலவும் பத்து ரெய்ஸ்டு ஆறு. உள்ள ஒரு சின்ன வித்தியாசம், ரெண்டு மடங்கு..."

"நாலு குடம் எடுத்தாலும் பத்து குடம் எடுத்தாலும் ஒங்களுக்கு ஒண்ணாக்கும். எனக்க முட்டுக்கு அது ஒண்ணில்ல." அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கி, வீங்கிய முழங்காலைக் காட்டினாள். "அது கெடக்கட்டும். விஜயம்மா திங்கக்கெழம மாலையக் கொண்டு அடகு வைக்கப் போறா. ஒரு குடம் வெள்ளத்துக்கு இல்லன்னு சொல்லாத பொம்பள அவ. நீங்க போயி சோமன்கிட்ட உள்ளதச் சொல்லுங்க. சொல்லாம எனக்க மொகத்துல முழிக்காதீங்க. நான் பனச்சமூட்டுக்கு ராபின்சன் வீட்டுக்குப் போறேன்."

"எடி, அப்பம் எனக்கு வெள்ளம்?"

"ஒங்க பங்கு பைக்கால்ல கெடக்குல்லா. போயி ரெண்டு குடம் கோரிட்டு வாருங்க."

ராபின்சன் அவளுடைய தம்பி. பஸ் ஏறிப் போயேவிட்டாள். அந்த வீட்டில் அவ்வளவு சத்தமில்லாத சாயங்காலத்தை சார் அதுவரை பார்த்ததில்லை. அவருக்குப் பயம் வந்தது. ஜெயபாய் திரும்பி வரமாட்டாளோ என்ற பயம் ஒன்று. அவள் சொன்னதெல்லாம் சரி என்பது அதைவிடப் பெரிய பயம்.

மறுநாள் சட்டை மாட்டிக்கொண்டு சோமன் வீட்டுக்குப் போனார். நேரே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். வாசலில் கால் வைத்ததும் நாக்கு மலையாளத்துக்கு மாறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், "சோமா, கணக்குல ஒரு மைனர் கரெக்‌ஷன் உண்டு" என்று வந்து நின்றது.

சோமன் நாற்காலி இழுத்துப் போட்டார். "இரிக்கணும் சாறே. என்ன கரெக்‌ஷன்?"

"அந்தப் பத்தொம்பது... அது உலகம் முழுக்க உள்ளதாக்கும். நம்மட எடத்துல அவ்வளவு வராது. நீ ஆயிரம் அடிக்குக் குத்தாத. வெள்ளம் காணாது."

சோமன் அவரையே பார்த்தார். அவர் கண்ணில் இரக்கம் பொங்கியது. "ஜெயபாய் சேச்சி பிணங்கிப் போனதா விஜயம்மா சொன்னா. அந்த சங்கடத்துல சாறு என்னென்னமோ பறையுது. சாறு வெறுதே மனசு வருத்தப்படாண்டாம். சாறுக்குத் தப்பும். கணக்குக்குத் தப்பாது. அது சுவர்ல கெடக்குல்லா."

"எலே, அந்தக் கணக்கப் போட்டதே நானாக்கும்!"

"அதான் செல்லுதேன். போடும்போது சாறுக்க மனசு தெளிவா இருந்து."

தான் போட்ட கணக்கே தன்னைத் தோற்கடிப்பது எல்லாருக்கும் கிடைக்கிற அனுபவமல்ல. சார் ஒரு கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு, அதற்கும் தண்ணீர் எங்கிருந்து வந்ததோ என்ற குற்ற உணர்வோடு எழுந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபையில் ஜெபக்கூட்டம். ஆலயத்து உச்சியில் வெற்றிலை துப்பும் கோளாம்பி மாதிரி வாய் விரித்த இரண்டு ஒலிபெருக்கிகள் உண்டு. ஊரில் அதற்குப் பெயரே கோளாம்பிதான். ஒன்று ரோட்டைப் பார்க்கும், இன்னொன்று சோமன் வீட்டைப் பார்க்கும். இந்தக் கோளாம்பி புண்ணியத்தில் சோமனுக்குப் பாதிக் கீர்த்தனைகள் மனப்பாடம். போதகர், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்வரலாம்" என்றார். வழக்கமாக வருகிறவர்கள் எழுவதற்குள் ரெத்தினதாஸ் சார் எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டார். அவர் அதுவரை சாட்சி சொன்னதே இல்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"எனக்க கெணறு வத்திப்போச்சு" என்று ஆரம்பித்தார்.

"ஸ்தோத்திரம்!" என்றாள் முன்வரிசை ராஜபாய். எந்தச் சாட்சிக்கும் அவள்தான் முதல் ஸ்தோத்திரம் போடுவாள். என்ன சொல்கிறார்கள் என்று காத்திருக்கும் பழக்கமில்லை.

"அத வத்த வச்சது நானாக்கும்."

"ஸ்தோத்திரம்!"

"சோமா, நீ கேக்குதியா? பூமிக்கடியில பத்து ரெய்ஸ்டு பத்தொம்பது லிட்டர் உண்டு. அது சத்தியம். ஆனா ஒனக்க குழாய் பூமி முழுக்கப் போவாது. நம்மட இந்தச் சரிவுலதான் நிக்கும். இஞ்ச வருசத்துக்கு விழுத மழ ஒரு கோடியே நாப்பது லட்சம் லிட்டர். அதுல பத்துல ஒண்ணுதான் மண்ணுக்குள்ள எறங்கும். பாக்கி எல்லாம் ஆத்துக்கும் கடலுக்கும் போவும். அப்பம் நமக்குக் கிட்டுதது பதினாலு லட்சம். வாழை வச்ச பெறவு நீ எடுக்குதது இருவத்தெட்டு லட்சம். ரெண்டு மடங்கு."

ராஜபாய்க்குக்கூட ஸ்தோத்திரம் வரவில்லை. போதகர் மைக்கை வாங்கலாமா என்று கையை நீட்டி, நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார்.

"ரெண்டு மடங்கு தப்பு தப்பே இல்லன்னு நான் எத்தன பிள்ளைகளுக்குப் படிப்பிச்சேன்! எனக்க வீட்டுக்காரி அந்த ரெண்டு மடங்கையும் ஏத்தத்துல சொமந்தா. எனக்க கணக்கு தப்பு. சொவர்ல இருக்கதும் தப்பு. மோட்டாருக்கு ஒரு கொழப்பமும் இல்ல. அந்த மாலைய வைக்காதீங்க." மைக்கை நிறுத்தத் தெரியாமல் அதை நாற்காலியில் படுக்க வைத்துவிட்டு இறங்கினார். கோளாம்பி கீச்சென்று கத்தியது.

ஆலய வாசலில் சோமன் நின்றுகொண்டிருந்தார். கைலியோடு, தோளில் துண்டோடு, ஓடி வந்த மூச்சோடு. சபையார் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பம் மோட்டாரு, சாறே?"

"நல்ல மோட்டாராக்கும் சோமா. மூணும்."

சோமன் துண்டைக் கையில் எடுக்கவில்லை. "சாறுக்கு இது எப்பம் தெரியும்?"

பொய் சொல்ல இடமிருந்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம். "போன மீனத்துல" என்றார் சார்.

சோமன் தலையாட்டினார். கணக்கு தப்பியதற்கு அவருக்குக் கோபம் இல்லை. தப்பாத மனுஷர் உண்டா? ஒரு வருஷமாக மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, தான் வாழைக்குத் தண்ணீர் விடுவதையும் குழிக்குள் மோட்டார் இறக்குவதையும் பார்த்துக்கொண்டே பேப்பர் படித்தாரே, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திரும்பி நடந்தார்.

புதன்கிழமை வண்டி வரவில்லை. மாலை விஜயம்மாவின் கழுத்திலேயே கிடந்தது. சோமன் பாட்ட நிலத்தைக் கைவிட்டார். வாழைகள் தலை தொங்கின. மோட்டார் புரை பூட்டிக் கிடந்தது. அந்த வாரக் கடைசியில் ஒரு கோடை மழை வந்து, பெய்யவா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் நல்ல மனசு பண்ணிப் பெய்தது. இரண்டு நாள் கழித்து சார் கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து விடியற்காலையில் சார் கோருவார். ராத்திரி முழுக்க ஊறியது சில வாளிகள்தான் வரும். அதைக் குடத்தில் ஊற்றி, மதில் சுற்றி, ஏற்றம் ஏறி இறங்கி, முதலில் விஜயம்மாவின் அடுக்களைப் பின்புறத்து டிரம்மில் கொண்டுபோய் ஊற்றுவார். அப்புறம்தான் தன் வீட்டுக்கு. முதல் நாள் பாதித் தண்ணீரைச் சட்டையில் கொட்டினார். இரண்டாம் நாள் முட்டு வலித்தது. மூன்றாம் நாள் ஏற்றத்தின் உச்சியில் குடத்தை இறக்கி வைத்து, அந்த இடத்தில் ஜெயபாய் எப்போதும் எதற்கு நின்றாள் என்று அவருக்குப் புரிந்தது. ஊர்க்கதை பேசுவதற்கு நிற்கிறாள் என்றல்லவா அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார்! வெட்கமாக இருந்தது. சோமன் திண்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பார். வா என்றும் சொல்லமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார். நீல பெயிண்டை அழிக்கவும் இல்லை. சந்தனம் வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

விஜயம்மாதான் பனச்சமூட்டுக்கு போன் போட்டாள். முதல் பஸ்ஸில் ஜெயபாய் வந்து இறங்கியபோது சார் கிணற்றடியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வேட்டி நனைந்து, மூக்கில் சேறு. அவள் பையைக் கீழே வைக்காமல் கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எத்தன வாளி கிட்டிச்சு?"

பத்து என்று சொல்ல அவர் வாய் தானாகவே திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, விரலை மடக்கி எண்ணினார்.

"ஆறரை" என்றார். "நாலு அங்க. ரெண்டரை இஞ்ச. கடைசி வாளி பாதியாக்கும்."

ஜெயபாய் பையைக் கீழே வைத்தாள்.